பைட்டைப் பார்க்காமல் பாயின்டர் புரியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி சி நிரல்மொழி ஆய்வகங்களில் பாயின்டர் என்றால் பெரும்பாலும் இரண்டு எண்களை இடம் மாற்றும் அதே பழைய நிரல்தான். ‘முகவரியைச் சேமிக்கும் மாறி’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ரிச்சி தெருவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி, மோட்பஸ் (சாதனங்கள் தரவு பரிமாறும் நெறிமுறை) மின்மீட்டரோடு இணைத்ததும் சாயம் வெளுத்துவிடுகிறது.

மீட்டர் 230 வோல்ட் என்று சொல்வதாகக் கொள்வோம். மோட்பஸ் ரெஜிஸ்டர் (அளவீடு வரும் பெட்டி) 2 பைட். மேல் பைட் முதலில் வரும். அதாவது 0, பிறகு 230. இப்போது புழங்கும் பெரும்பாலான போர்டுகள் கீழ் பைட்டை முதலில் வைப்பவை. அந்த இடத்தை 16 பிட் எண்ணுக்கான பாயின்டராக காஸ்ட் செய்து (வகை மாற்றி) படித்தால் 58880 என்று வரும் (230 × 256). கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை.

சரி, பைட் பைட்டாக எடுக்கலாம் என்று வெறும் ‘கேர்’ (char) அரேயில் வாங்கினால், கேரைக் குறியுள்ள எண்ணாக எடுக்கும் கம்பைலரில் 230 என்பது -26 ஆகிவிடும். ‘அன்சைன்ட் கேர்’ என்றே அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது கோளாறுதான் பொல்லாதது. மோட்பஸ் ஆர்டியூ (சீரியல் கம்பி வழி வரும் வடிவம்) பதிலில் சாதன எண், ஃபங்ஷன் எண், பைட் எண்ணிக்கை என 3 பைட் போக, தரவு இன்டெக்ஸ் 3-இல் தொடங்குகிறது. பஃபர் (பதிலை வாங்கி வைக்கும் இடம்) இரட்டைப்படை முகவரியில் இருந்தால் தரவு ஒற்றைப்படையில் விழும். வீட்டுக் கணினியில் ஓடிய அதே காஸ்ட், ஒற்றைப்படை முகவரியில் 2 பைட்டை ஒன்றாகப் படிக்க முடியாத கார்டெக்ஸ் எம்0 சிப்பில் ஹார்ட் ஃபால்ட் (செயலி எழுப்பும் பிழை) அடித்து நின்றுவிடும். கணினியில் ஓடியதும் தற்செயலே. சி தரநிலை அதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. காஸ்ட்டை விட்டுவிட்டு, இன்டெக்ஸ் 3-இல் உள்ள பைட்டை 8 பிட் இடப்பக்கம் நகர்த்தி, இன்டெக்ஸ் 4-இல் உள்ளதோடு ‘ஆர்’ (OR) செய்தால் எந்த சிப்பிலும் 230 வரும்.

இந்த மூன்றாவது கோளாறை டர்போ சியில் காட்ட முடியாது. டாஸ் காலத்து சி கம்பைலர் அது. அதில் இன்ட் (முழு எண் வகை) 2 பைட். நல் பாயின்டர் (எதையும் சுட்டாத பாயின்டர்) வழியே எழுதினாலும் நிரல் பாட்டுக்கு ஓடும், முடிந்த பிறகுதான் முணுமுணுக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி கம்பைலரில் சானிடைசர்களை (நிரல் ஓடும்போதே பிழை பிடிக்கும் வசதிகள்) இயக்கினால், அரே எல்லை மீறிய வரியையும் பொருந்தாத முகவரியையும் வரி எண்ணோடு காட்டிவிடும்.

செய்முறைத் தேர்வில் இடமாற்று நிரலுக்குப் பதில், ஒரு இன்ட்டின் 4 பைட்டையும் முகவரியோடு அச்சிடும் நிரலைக் கேட்கலாமே. பத்து வரிகூட வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தரமணி, சென்னை.