களப்பயிற்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆங்கில ஆசிரியராகப் பயிற்சி பெறும் எங்கள் மாணவர்கள், சமூகப் பணியையும் உடலியக்க விளையாட்டுகளையும் இணைத்து நடத்திய களப்பயிற்சி இந்தப் பருவத்தோடு நிறைவடைகிறது. துணைநின்ற அனைவருக்கும் துறையின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி உடற்கல்வி ஆசிரியருக்கு உரியது. பிள்ளைகளின் கண் கூசாதிருக்க ஆசிரியர்தாம் வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும் என்றும், பந்து கைக்கு வந்துவிட்டால் எதுவும் காதில் ஏறாது என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பின்னரே அதைக் கொடுக்க வேண்டும் என்றும், நீட்டி விளக்குவதைவிட ஒருமுறை செய்து காட்டுவதே மேல் என்றும் அவர் சொல்லித் தந்தவை எங்கள் பாடக் குறிப்புகளைப் பாதியாகச் சுருக்கிவிட்டன. (குறிப்பு நீளமாக இருந்தால்தான் மதிப்பெண் என்னும் எண்ணம் எங்களிடையே இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.)

சொல்லைக் கேட்டு உடலால் செய்து மொழி கற்கும் முறையை உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தார். பேசச் சொல்லி நெருக்காமல், முதலில் கேட்டுப் புரிந்துகொள்ள விட வேண்டும் என்பது அதன் அடிப்படை. தேர்வுக்காக இதைப் படித்திருந்த எங்கள் மாணவர்கள், வாய் திறக்கவே தயங்கிய ஒரு சிறுமி ‘அண்டர்’ என்றதும் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்ததையும், ‘ஓவர்’ என்றதும் அதைத் தாண்டியதையும், ‘பிட்வீன்’ என்றதும் இரு தோழியருக்கு நடுவே ஓடிப்போய் நின்றதையும் கண்ட பிறகே அதை நம்பினர். பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எவ்வளவு எளிது! பிள்ளைகளை நம்பி எங்களிடம் அனுப்பிய பெற்றோருக்கு எங்கள் நன்றி.

ஓடியாடி எழுதப் படிக்கக் கற்றுவிட முடியாது. அதற்காக மாலை நேரத்தை ஒதுக்கித் தந்த நூலகர் ஒரு நிபந்தனை விதித்தார்: படம் எடுத்துக்கொண்டு போவதற்கானால் வர வேண்டாம், ஒரே பிள்ளையோடு பருவம் முழுவதும் அமர்ந்து வாசிப்பதானால் வரலாம். சிலருக்கு அது கடுமையாகப் பட்டது. ஆனால், ஒரு பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறது, எந்தச் சொல்லை ஊகித்துக் கடக்கிறது என்பதைத் தொடர்ந்து கவனிக்கும் பழக்கம் எங்கள் மாணவர்களுக்கு அங்கேதான் வந்தது.

மைதானத்தைத் தூய்மையாக வைத்திருந்த பணியாளர்களுக்கும் முதலுதவித் தன்னார்வலர்களுக்கும் எங்கள் நன்றி. மாணவர்கள் தயாரித்த பட அட்டைகளை நூலகத்திலேயே விட்டுச் செல்கிறோம். விரும்புவோர் எடுத்துப் பயன்படுத்தலாம்.

நன்றியுடன்,
களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளர்