நிதி தந்தவர் யார்?

ஆசிரியருக்கு,

‘காசு வருகிறது, அதனால்தான் விஞ்ஞானிகள் பருவநிலை மாற்றம் என்று பயமுறுத்துகிறார்கள்’ என்ற பேச்சு கம்பம், குமுளிப் பக்கம் ஏலக்காய்க் கடைகளில்கூட அடிபடுகிறது. 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் தண்டோடு காய்ந்து சாய்ந்ததைப் பார்த்தவர்களே சொல்வதுதான் வேடிக்கை.

பணம் ஆளை வளைக்காது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானுக்கு அதன் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977இலேயே பூமி சூடாகும் ஆபத்தை விளக்கிவிட்டார். பின்னாளில் அந்நிறுவனம் சந்தேகம் கிளப்பும் அமைப்புகளுக்கே நிதி கொடுத்தது. ஆனால் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர்? பூமி சூடாகிறது என்று காட்டிய வெப்பக் கணக்குகளையே சந்தேகப்பட்டவர். எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோச்சின் அறக்கட்டளையும் அவர் ஆய்வுக்குப் பணம் தந்தது. கடைசியில், 2012இல், பூமி சூடாவதற்கு மனிதனே காரணம் என்று அவரே எழுதினார்.

ஆய்வுச் செய்திகளின் அடியில், நிதி தந்தவர் யார் என்று உங்கள் நாளிதழ் ஒரு வரி போடலாமே.

ஏலத்தோட்ட விவசாயி,
கூடலூர், தேனி மாவட்டம்