சனிக்கிழமை வகுப்பு நேரம் மாறுகிறது

வணக்கம். கொக்குத்தொடுவாய்ப் பிள்ளைகளுக்கான இணைய வகுப்பு இனி நம் சிங்கப்பூர் நேரம் இரவு 8.30க்கு. அங்கே அப்போது மாலை 6 மணி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கொக்குத்தொடுவாய், இலங்கையில் முல்லைத்தீவின் தெற்கு எல்லையில் உள்ள ஊர். 1984இல் மொத்தமாகத் துரத்தப்பட்ட ஊர் மக்களுக்குப் போர் முடிந்த பிறகுதான் திரும்ப முடிந்தது. பெற்றோர் பலருக்குப் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

வகுப்பை அங்கே நடத்துவது உயர்தரம் (ஏ லெவல்) படிக்கும் ஒரு தங்கைதான். போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டி, சிறியவர்களை வரிசையாக உட்கார வைத்து, வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறாள். போன வாரம் நான் 'இயற்கணிதம்' என்றதும், "அக்கா, அட்சரகணிதம்" என்று திருத்தினாள். ஆகவே கற்றுத்தருபவர்கள் இலங்கைப் பாடநூலைப் புரட்டிவிட்டு வாருங்கள். நம் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தாள்களை அனுப்பாதீர்கள், தயவுசெய்து!

சாதாரண தரக் (ஓ லெவல்) கணிதத்துக்கு இன்னும் இருவர் தேவை. பணம் வேண்டாம். வெளிநாட்டு உதவிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி எடுக்கவேண்டும், அந்தத் தலைவலி நமக்கெதற்கு? வர முடிந்தவர்கள் வெள்ளிக்குள் பெயர் போடுங்கள்.