சாயங்கால ஈட்டை நிறுத்திடாதீங்க

கொங்கு நாட்டு பேக்கரிக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் ஊத்துக்குளிக்காரி. இருபது வருசத்துக்கு மேலாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைக்கிறேன். வெளியூரில் பேக்கரி என்றால் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குகிற இடம். நம் பக்கத்தில் டீ குடிப்பதே பேக்கரியில்தான். பால் பாக்கெட், முட்டை, ஷாம்பு, தீப்பெட்டி, போன் ரீசார்ஜ் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பஸ்ஸைத் தவற விட்டவளுக்கு அந்தப் பெஞ்சுதான் காவல். இத்தனையும் இருந்தாலும், எங்களை உள்ளே இழுப்பது பின்கட்டிலிருந்து வருகிற வாசம்.

அனுப்பர்பாளையம் பக்கம் நான் போகிற கடையில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஒரே தடவையில் வெந்த ஒரு ஈடு பப்ஸ் அடுப்பிலிருந்து வெளியே வரும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை ஆகும் எழ. நடுவில் கிடைக்கிற டீ டைமில் ரோட்டைத் தாண்டி ஓடுவோம். தட்டை இறக்கும்போதே முட்டை பப்ஸ் பாதி காலி. பக்கத்துச் சட்டியில் போண்டா வெந்துகொண்டிருக்கும். பன்னை இரண்டாகப் பிளந்து எங்க ஊர் வெண்ணெயைத் தடவி, கல்லில் போட்டுத் திருப்பித் தருவார் கடைக்கார அண்ணன். ஊத்துக்குளி வெண்ணெய் உருகுகிற வாசம் எனக்கு வீட்டு வாசம்.

அந்தக் கடையில் பலகாரம் போடுகிற மாஸ்டர் மாவு மடிப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். மைதாவைப் பரத்தி, நடுவில் கொழுப்பை வைத்து மடித்து, ஆறவிட்டு, மறுபடி தேய்த்து மறுபடி மடிப்பார். எங்கள் கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடுகிற மாதிரியே இருக்கும். அடுப்புக்குள் போனதும் மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்கிவிடுகிறது. அதனால்தான் கடித்தால் நொறுங்குகிறது. ஆனால் அது சில மணி நேரம்தான். ஆற ஆற மசாலாவின் ஈரம் மடிப்புகளில் இறங்கி நமுத்துப்போகும். அதை மைக்ரோ ஓவனில் வைத்துச் சுட வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம்தான் சூடாகி வெளியே வரும், மேல்தோல் காயாது. ரப்பர் மாதிரி இழுக்கும்.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. போன தை மாசத்திலிருந்து எங்கள் கடையில் அடுப்பு எரியவில்லை. விடிகாலையில் ஒரு வேன் வந்து டிரேக்களை இறக்கிவிட்டுப் போகிறது. அண்ணனிடம் கேட்டேன். "என்னம்மிணி பண்றது, மாஸ்டர் கெடைக்க மாட்டீங்கறாங்க. சிலிண்டர் விலையும் கட்டுபடியாகலை" என்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்கும் வருத்தம்தான். விசாரித்தால், அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் இன்னும் சில கடைகளில் இதே கதை.

உங்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்லட்டுங்களா. 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில், பன்னுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று நிதியமைச்சரிடமே கேட்டார் நம்ம ஊர் ஓட்டல்காரர் ஒருவர். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கு அந்த வரி 5 சதவீதமாக இறங்கிவிட்டது. வரி கட்டுகிற கடைகளுக்கு இதில் கொஞ்சமாவது மூச்சு கிடைத்திருக்கும். அந்த மூச்சை அடுப்புக்குக் கொடுங்கள். நாள் முழுக்க வேண்டாம், காலையில் வேன் சரக்கே வரட்டும். சாயங்காலம் அந்த ஒரு ஈடு மட்டும் கடையிலேயே வேகட்டும்.

எங்கள் கண்முன்னே வேகிற பலகாரத்தில் இன்னொன்றும் உண்டு. எண்ணெயின் நிறம் எங்களுக்கே தெரியும். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் சட்டத்தில் வரம்பு வந்துவிட்டது. ஆனாலும் எனக்குச் சட்டத்தைவிட, சட்டிக்கு முன்னால் நிற்கிற நாலு பேரின் கண்தான் பெரிய காவல்.

2016 நவம்பரில் பழைய நோட்டுச் செல்லாது என்று ஆனபோது, சனிக்கிழமைச் சம்பளம் எங்களுக்கு அந்த நோட்டிலேயே வந்தது. வீட்டில் ரெண்டு பிள்ளைகள். அண்ணன் நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதி, பாலும் ரொட்டியும் சூடாக நாலு பப்ஸும் கட்டிக் கொடுத்தார். "நோட்டு மாறுனப்பறம் பாத்துக்கலாம், புள்ளைங்க சூட்டோட திங்கட்டும்" என்றார். இன்று அதே பெஞ்சில் பீகார், ஒடிசாப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் அவர்கள் முதலில் கத்துக்கொண்ட வார்த்தைகளில் ஒன்று "சூடா இருக்கா?" அதற்கு இப்போது அண்ணன் பதில் சொல்வதில்லை.

மாஸ்டர் கிடைக்கவில்லை என்கிறீர்களே, எங்களைக் கேளுங்கள். நாற்பது தாண்டிக் கண் மங்கி மிஷினை விட்டு இறங்கிய பெண்கள் எங்கள் லைனில் மட்டும் ஆறு பேர் இருக்கிறார்கள். மடிப்பும் அளவும் அவர்கள் கைக்குப் புதுசில்லை. இருக்கிற மாஸ்டர்கள் ரெண்டு மாசம் கூட நிறுத்திச் சொல்லிக் கொடுத்தால் போதும். கூலியைப் பேசிக்கொள்ளலாம். எந்தக் கடைக்காரர் முதலில் சரி என்கிறாரோ, அவர் கடைக்கு அந்த ஆறு பேரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஊத்துக்குளியிலிருந்து ஓர் ஓவர்லாக் டைலர்