முட்டி வலிக்கு வருபவர்களுக்கு: மிஷினைக் குறைத்து, கையையும் பயிற்சியையும் கூட்டுவது ஏன்?

அன்புடையீர், வணக்கம்.

முட்டித் தேய்மானத்துக்காக எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வருபவர்கள் முதல் நாளே கேட்பது, "மிஷின் வைக்க மாட்டீங்களா?" என்றுதான். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையில் 83 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்குக் கைமுறை சிகிச்சையும் (கையால் மூட்டை நகர்த்தித் தளர்த்துவது) பயிற்சியும் தந்தார்கள். மறு பிரிவினருக்குப் பெயரளவுக்கு, பலன் தராத மிகக் குறைந்த அளவில் அல்ட்ராசவுண்ட் (ஒலியலை செலுத்தும் மிஷின்). எட்டாவது வாரத்தில் முதல் பிரிவினரின் வலியும் விறைப்பும் ஏறத்தாழப் பாதியாகியிருந்தன. 2005-இல் அதே குழு, வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்டது. நான்கு வாரத்தில் கைமுறை சிகிச்சையும் பெற்றவர்களுக்கு இரு மடங்கு முன்னேற்றம். ஓராண்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமம். கை வேகத்தைத் தருகிறது, நிலைக்க வைப்பது பயிற்சி என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கைமுறை சிகிச்சை எண்ணெய் தேய்த்து நீவுவது அல்ல. முட்டி முழுதாக நீள்கிறதா என்று முதலில் பார்ப்போம். நீளவில்லையென்றால், முட்டிச்சில்லை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்தி, கீழ்க்கால் எலும்பைத் தொடை எலும்பின் மீது தளர்த்துவோம். தேவைப்பட்டால் இடுப்பையும் கணுக்காலையும் பார்ப்போம். அன்றே பயிற்சி செய்யாவிட்டால் அந்தத் தளர்வு மெல்லப் போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியது: கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை 5 நொடி அழுத்துங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் உயரம் தூக்குங்கள். இங்குதான் பலரும் தவறுகிறார்கள்: முட்டி லேசாக மடங்கினாலே முன்தொடைத் தசை தளர்ந்துவிடுகிறது, வேலை இடுப்புத் தசைக்குப் போய்விடுகிறது. மடங்கினால் உயரத்தைக் குறையுங்கள். அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியில் எழுந்து உட்காருதல், 10 முறை. முடியவில்லையா? நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். எழும்போது முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது.

பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். வலியில்லாத 'கடக்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

இரவு முழுக்க முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதை மட்டும் விடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியே இறுகி, நாங்கள் மீட்ட நீட்டத்தைத் தின்றுவிடும். வலி அதிகமான நாட்களில் சம்மணமும் குத்துக்காலும் வேண்டாம்.

முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, திடீரென மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ எங்களிடம் வராமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

எக்ஸ்ரே இருந்தால் கொண்டு வாருங்கள். படத்தில் தெரியும் தேய்மானமும் உங்கள் வலியும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம், அதனால் படத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். முட்டிக்கு மேல் ஏற்றக்கூடிய தளர்ந்த உடையில் வந்தால் எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
பிசியோதெரபி நிலையத்தார்