முதுகுக் குளிரை மறந்துவிட்டார்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஹேமக்கை, அதாவது இரு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டிலை, புகழ்ந்து எழுதியவர், குளிரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வத்தலக்குண்டில் கூடாரச் சாமான் வாடகைக்கு விடுகிறவன் நான். கொடைக்கானல் டிசம்பர் இரவில் ஹேமக்கில் படுத்தால், எவ்வளவு தடித்த ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து தூங்கும் பஞ்சுப் பை) ஆனாலும், உடம்பின் எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிடும். கீழே காற்று ஓடும், முதுகு விறைக்கும். நுரைப்பாயை உள்ளே விரிக்கலாம். ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் போர்வை இன்னும் மேல்.

சிலர் கட்டிலைப் போல விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள், வீண் வேலை. இரு முனைக் கட்டும் கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கும்படி தொய்வாகக் கட்டி, மூலைவாட்டாகப் படுத்தால் முதுகு நேராகும். அப்புறம், மெல்லிய நைலான் கயிறு மரப்பட்டையை அறுக்கும். அகலமான நாடாதான் சரி. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் தங்கவே கூடாது, அதையும் அவர் சொல்லவில்லை.

- ஒரு வாசகர், வத்தலக்குண்டு