தாய்மாரிடம் கேட்கப்படாத ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரசவ விடுதிகளில் தொற்றுத் தடுப்பைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். கை கழுவுதல், கையுறை, கிருமி நீக்கிய கருவிகள் என்று எழுதியதெல்லாம் சரி. ஆனால் தையல் காய்ந்து, காய்ச்சல் இல்லையென்றால் தாய் சுகமாகிவிட்டாள் என்று முடிவு கட்டுவது பிழை. சலப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கி, பிரசவத்தில் இழுபட்டுத் தளரும் இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சலம் (சிறுநீர்) கசியும் தொல்லை உண்டு.

யாழ்ப்பாணத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுத் தரிசிப்பில் பிள்ளையின் நிறை, தொப்புள், தாய்ப்பால் எல்லாம் கேட்பேன், இதைக் கேட்டதில்லை. ஒருநாள் ஒரு தாய், மாமியார் பத்தியக்கறி எடுக்கக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, "மிஸ்ஸி, தும்மினாலும் சலம் போகுது" என்றாள். அது அவளுடைய மூன்றாவது பிள்ளை. முதல் பிள்ளையிலிருந்தே அப்படியாம்! துடக்குக் கழிவுக்கு நாள் எண்ணுகிற வீட்டில் இதை யாரிடம் சொல்வாள்?

இந்தத் தசைகளைப் பலப்படுத்த எளிய பயிற்சி உண்டு. சலத்தை அடக்குவதுபோலத் தசையை இறுக்கிச் சில விநாடி பிடித்துத் தளர்த்த வேண்டும். 10 தடவை, நாளுக்கு 3 முறை. செலவே இல்லை. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலேயே இதைப் பழக்கி, 6ஆம் வாரப் பரிசோதனையில் "சலம் கசிகிறதா?" என்று தாயைத் தனியே வைத்துக் கேட்க, சுகாதார வைத்திய அதிகாரிகள் ஒழுங்கு செய்ய வேண்டும். ஆம் என்பவரை இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பலாம்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
யாழ்ப்பாணம்.